சோடா கேஸ் சிலிண்டர்: வாங்குவதும் நிரப்புவதும்

மாசி பிறந்துவிட்டால் நம் சங்கத்துக்கு வரும் விசாரணைகளில் ஒன்றாவது சோடா கேஸ் பற்றியதாக இருக்கும். "சிலிண்டர் எங்கே மலிவாகக் கிடைக்கும்? நிரப்ப என்ன கேட்பார்கள்? அத்திப்பள்ளிப் பக்கம் போனால் குறைவாமே, மெய்தானா?" என்று ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, பர்கூர் என எல்லா ஊர் உறுப்பினர்களும் கேட்கிறார்கள். மளிகைக் கடை ஓரத்தில் ஒரு சோடா மிஷின் போட்டவர், ஜூஸ் கடையில் ஃபவுண்டன் வைத்தவர், தகப்பனார் காலத்திலிருந்து கோலி சோடா போட்டு வரும் சோடா கம்பெனிக்காரர், எல்லோருக்கும் இதே கவலைதான். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட விவரமாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

இந்தத் தொழில் மங்கிப் போயிருந்த காலம் ஒன்று உண்டு. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக் கிளர்ச்சி நடந்தபோது, வெளிநாட்டுக் குளிர்பானங்களை மார்ச் 1 முதல் விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறைகூவல் விடுத்தன. அதை எல்லோரும் கடைசிவரை கடைப்பிடித்தோமா என்பது வேறு விஷயம். ஆனால் உள்ளூர்ச் சோடாவைக் கேட்டு வாங்கும் பழக்கம் அப்போது திரும்பி வந்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் கப், உறிஞ்சுகுழல் ஆகியவற்றுக்குத் தடை வந்ததும் திரும்பக் கழுவி நிரப்பும் கண்ணாடிப் பாட்டிலுக்கு மறுபடி மதிப்பு ஏற்பட்டது. லண்டன்காரரான ஹைராம் காட் 1870-களில் காப்புரிமை பெற்ற அந்தக் கோலிக்குண்டு பாட்டிலை அவர் நாடே மறந்துவிட்டது. நம் கடைத் தெருவில் அது இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். கேஸ் விலையைக் குறைக்க அலைகிறவர்கள் முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நல்ல காரமான சோடா ஒரு லிட்டரில் ஏறக்குறைய 8 கிராம் கரியமில வாயு கரைந்திருக்கும். சிறு மிஷின்களில் பாட்டில் மாற்றும்போதும் காற்றை வெளியேற்றும்போதும் வீணாவது அதிகம். கரைவது பாதி, போவது பாதி என்று வைத்துக்கொண்டாலும் லிட்டருக்கு 16 கிராம்தான் ஆகிறது. 30 கிலோ பிடிக்கும் பெரிய சிலிண்டர் ஒன்றில் சுமார் 1,875 லிட்டர் சோடா போடலாம். 200 மில்லி பாட்டில் என்றால் ஒன்பதாயிரத்துக்கு மேல். கேஸ் கிலோ 40 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலுக்கு 13 காசு விழுகிறது. கிலோ 80 ரூபாய் என்றாலும் 26 காசு. மூடி, கழுவும் கூலி, தண்ணீர், உடையும் பாட்டில் இவற்றுக்கு முன்னால் இது ஒரு செலவே அல்ல.

ஆகவே பணம் போகும் இடம் கேஸ் இல்லை. கேஸைச் சுமக்கிற இரும்பு, அந்த இரும்புக்குக் கட்டும் டெபாசிட்டும் வாடகையும், அதை ஏற்றி இறக்கும் வண்டிச் சத்தம், மீதியோடு திருப்பி அனுப்பும் கேஸ், வாஷர் தேய்ந்து இரவெல்லாம் கசியும் கேஸ், இவைதான் லாபத்தைத் தின்கின்றன. "நிரப்ப எவ்வளவு" என்று கேட்பது பாதிக் கேள்வி. "என் கடையில் நான் உண்மையில் பயன்படுத்திய ஒரு கிலோ என்ன விலை ஆயிற்று" என்பதே முழுக் கேள்வி.

வீணாவதைக் குறைக்கும் வழியையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு கேஸைப் பிடித்துக்கொள்ளும். 5 டிகிரித் தண்ணீர் பிடிப்பதில் பாதிகூட 30 டிகிரித் தண்ணீர் பிடிப்பதில்லை. குழாயடித் தண்ணீரில் அப்படியே போட்டால் அழுத்தத்தை இரட்டிப்பாக்க வேண்டும். அப்படியும் மூடியைத் திறந்ததும் கேஸ் பறந்துவிடும், வாடிக்கையாளர் "சப்பென்று இருக்கிறது" என்பார். ஐஸ் பெட்டிக்குச் செலவழிப்பது கேஸில் திரும்பி வரும்.

நம் பகுதியின் வசதி

சேலத்திலும் தர்மபுரியிலும் இருக்கும் சோடாக்காரர்களைவிட நமக்கு ஒரு வசதி அதிகம். சிப்காட், சிட்கோ தொழிற்பேட்டைகளைச் சுற்றி இருக்கும் பட்டறைகளில் பெரும்பகுதி வெல்டிங் வேலைக்குக் கரியமில வாயுவைப் பயன்படுத்துகிறது. வார்ப்படத் தொழிலில் மணல் அச்சை இறுக்க இதே வாயு வேண்டும். ஆலைகளின் தீயணைப்புக் கருவிகளிலும் இதுதான். எல்லைக்கு அந்தப்புறம் பொம்மசந்திரா, ஜிகனி வரை இதே நிலைமை. பெங்களூரில் 2010-க்குப் பிறகு அனுமதி பெற்று வந்த சிறு பீர் ஆலைகளும் வாடிக்கையாளராகச் சேர்ந்துகொண்டன. இத்தனை பேர் வாங்குவதால் சிலிண்டர் ஏற்றிய வண்டி நம் சாலையில் நாள்தோறும் போய் வருகிறது. அந்த வண்டியில் நமக்கும் இரண்டு சிலிண்டர் சேர்ந்து வரும்படி செய்துகொள்வதே மலிவான வழி.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வீட்டிலேயே பீர் காய்ச்சிச் சிறு எஃகுப் பீப்பாயில் அடைத்து வைப்பவர்கள் ஏராளம். அங்கே அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. குளிர்பானக் கம்பெனிகள் ஒரு காலத்தில் சர்பத் அனுப்பிய எஃகு டப்பாக்களைப் பழைய விலைக்கு வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கியவர்கள் அவர்கள். அவர்களுக்கும் நம் பிரச்சினைதான்: சிறு சிலிண்டரைச் சொந்தமாக வாங்குவதா, மாற்றிக்கொள்வதா, வெல்டிங் கேஸ் கடையில் நிரப்புவதா, தீயணைப்புக் கடையில் நிரப்புவதா என்று. அவர்கள் அனுபவத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியது நிறைய. காய்ச்சும் சங்கதியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படியும், எல்லை தாண்டினால் கர்நாடகத்தின் 1965-ஆம் ஆண்டு ஆயத்தீர்வைச் சட்டப்படியும், உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். சிலிண்டர் கடனாகக் கேட்டு யாராவது வந்தால் எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடையில் ஏன் தட்டுப்பாடு வருகிறது என்பதற்கும் காரணம் உண்டு. கரியமில வாயுவுக்கென்றே யாரும் பெரிய ஆலை வைப்பதில்லை. உர ஆலையில் அம்மோனியா செய்யும்போதும், எரிசாராய ஆலையில் கரும்புக் கழிவுப்பாகு நொதிக்கும்போதும் உபரியாக வருவதைப் பிடித்துச் சுத்தம் செய்து திரவமாக்கி விற்கிறார்கள். நொதிக்கும் தொட்டியில் சாராயம் எத்தனை கிலோ உண்டாகிறதோ ஏறக்குறைய அத்தனை கிலோ வாயுவும் உண்டாகும். அந்த ஆலைகள் பராமரிப்புக்கு நின்றால், நாம் எவ்வளவு விலை கொடுக்கத் தயாராக இருந்தாலும் கேஸ் வராது. 2018 ஜூனில் ஐரோப்பாவில் பல அம்மோனியா ஆலைகள் ஒரே சமயத்தில் நின்றன. அது உலகக் கோப்பைக் கால்பந்து நடந்த நேரம். சில்லறைக் கடைகளுக்குச் சரக்குத் தரும் புக்கர் என்ற இங்கிலாந்து மொத்த வியாபார நிறுவனம், ஒரு கடைக்குப் பீர் பத்துப் பெட்டி, குளிர்பானம் ஐந்து பெட்டி என்று அளந்து கொடுக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய கைக்கே அந்தக் கதி.

சொந்தச் சிலிண்டரா, மாற்றுச் சிலிண்டரா

சிலிண்டரைப் பெறுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. டெபாசிட் கட்டிக் கம்பெனிச் சிலிண்டரை வாங்கி, காலியானதும் கொடுத்துவிட்டு நிறைந்த இன்னொன்றைப் பெற்றுக்கொள்வது ஒன்று. சொந்தமாக வாங்கி, காலியானால் நிரப்பும் நிலையத்துக்கு அனுப்பித் திரும்பப் பெறுவது மற்றொன்று.

மாதம் ஒரு பெரிய சிலிண்டராவது தீர்கிறவருக்கு மாற்று முறையே நல்லது. சோதனைத் தேதி, வால்வு பழுது எல்லாம் கம்பெனி பொறுப்பு. கடை ஒரு நாளும் நிற்காது. ஆனால் வருஷத்தில் நான்கு மாதம் மட்டும் சோடா போடுகிறவர், மற்ற எட்டு மாதமும் காலி இரும்புக்கு வாடகை கட்டிக்கொண்டிருப்பார். அவருக்குச் சொந்தச் சிலிண்டர் பொருந்தும். ஒன்று வாங்கினால் நிரப்பப் போகும் இரண்டு மூன்று நாள் வியாபாரம் நின்றுவிடும் என்பதால் இரண்டாக வாங்க வேண்டியிருக்கும். 10 கிலோ பிடிக்கும் சிறு சிலிண்டர்கள் இரண்டு, தூக்கவும் வசதி.

டெபாசிட்டுக்கு ரசீது தனியாக வாங்குங்கள். திருப்பித் தரும் டெபாசிட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதைப் பின்னால் விலையில் கழித்தால்தான் வரி. வாடகைக்கு வரி உண்டு. இரண்டையும் ஒரே வரியில் "சிலிண்டர் சார்ஜ்" என்று எழுதிய பில்லை ஏற்காதீர்கள். நம்மிடம் வந்த ஒரு பில்லில் அப்படித்தான் இருந்தது. மூன்று வருஷம் கழித்துச் சிலிண்டரைத் திருப்பியபோது அந்த வியாபாரி அது வாடகை என்றார், நம் உறுப்பினர் டெபாசிட் என்றார். எழுத்தில் இல்லாததால் பணம் திரும்பவில்லை.

பழைய சிலிண்டர் வாங்குவோர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். காயலாங்கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்பது உண்மைதான். சிலிண்டரின் தோள்பட்டையில் பொறித்திருப்பதை வாங்குமுன் படியுங்கள். தயாரிப்பாளர் அடையாளம், வரிசை எண், ஐ.எஸ். 7285 என்ற தர எண், வெற்றெடை, நீர்க் கொள்ளளவு, கடைசியாக நீரழுத்தச் சோதனை செய்த தேதி இவை இருக்க வேண்டும். கரியமில வாயுச் சிலிண்டருக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை சோதனை கட்டாயம். தேதி கடந்திருந்தால் உரிமம் உள்ள எந்த நிலையமும் நிரப்பக் கூடாது. சோதனைக் கூலியையும், தேறாமல் போனால் கையில் வெறும் இரும்பு மிஞ்சும் என்பதையும் விலையில் சேர்த்துப் பாருங்கள். கம்பெனிப் பெயர் பொறித்த சிலிண்டர் என்றால் அது கம்பெனியின் சொத்தாக இருக்கக் கூடும். நிரப்பக் கொண்டுபோன இடத்திலேயே நிறுத்திவைத்துக்கொள்வார்கள். எழுத்து தேய்க்கப்பட்டிருந்தால் அந்தக் கடைப் படியை விட்டு இறங்கிவிடுவதே மேல். நிறத்தை நம்ப வேண்டாம், பெயிண்ட் யாரும் அடிக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் அழகான சிறு அலுமினியச் சிலிண்டர்களுக்கும் இதே சட்டம்தான். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் அங்கீகாரம் இல்லாத சிலிண்டரை இங்கே நிரப்பித் தரமாட்டார்கள்.

தீயணைப்புக் கருவியைச் சோடாவுக்குத் திருப்பலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 4.5 கிலோ கருவி கைக்கு அடக்கமாக இருப்பதால் வரும் ஆசை. அதன் உள்ளே அடிவரை ஒரு குழாய் போகிறது. திறந்தால் வாயு வராமல் அடியில் இருக்கும் திரவம் பீறிட்டு வரும். சோடா ரெகுலேட்டர் அதைத் தாங்காது. பெரிய சிலிண்டர்களிலும் சில இப்படி உள்குழாய் வைத்தவை உண்டு. வாங்கும்போது "உள்குழாய் இல்லாதது" என்று கேட்டு வாங்குங்கள். வெல்டிங் ரெகுலேட்டரும் நமக்கு ஆகாது. அது நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்று ஓட்டத்தைக் காட்டுவது. நமக்கு வேண்டியது அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது.

தராசு நம்மிடம் இருக்கிறது

கரியமில வாயு சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது. திரவம் ஒரு சொட்டு இருக்கும்வரை மீட்டர் முள் ஒரே இடத்தில் நிற்கும். 25 டிகிரி வெப்பத்தில் நிறைந்த சிலிண்டரும் 64 பார் காட்டும், கால்வாசி உள்ளதும் 64 பார் காட்டும். முள் இறங்கத் தொடங்கினால் கேஸ் முடியப்போகிறது என்று பொருள். மீட்டரைப் பார்த்து "ஃபுல்" என்று கையெழுத்துப் போட்டு வாங்கினால் ஏமாறுவது நாம்தான்.

எடை போடுவதைத் தவிர வேறு வழி இல்லை. மூட்டை நிறுக்கும் தராசு மளிகைக் கடையில் இல்லாமலா இருக்கும்? வால்வு மூடியைக் கழற்றிவிட்டு நிறுங்கள். பொறித்த வெற்றெடையைக் கழியுங்கள். மீதி கேஸ். முப்பதுக்கு இருபத்தாறு வந்தால் அங்கேயே சொல்லிவிட வேண்டும், வண்டி போன பிறகு சொல்லிப் பயனில்லை. கூடுதலாக இருந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம், அது ஆபத்து. நம் நாட்டு வெப்பத்துக்கு, நீர்க் கொள்ளளவு லிட்டரில் எத்தனையோ அதில் மூன்றில் இரண்டு பங்கு கிலோதான் நிரப்பலாம். 46.7 லிட்டர் சிலிண்டருக்கு 31 கிலோ, 15 லிட்டருக்கு 10 கிலோ. வெப்பம் 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்பதே இல்லாமல் போய் அழுத்தம் வேகமாக ஏறும். ஓசூர் மேட்டுக் குளிர்ச்சியில் நிரப்பிய சிலிண்டர் சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரிக் கடை வாசலில் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்காகவே மேலே இடம் விட்டு நிரப்புகிறார்கள்.

காலியானதைத் திருப்பும்போதும் நிறுங்கள். இரண்டு கிலோ மீதியோடு போனால் அது நம் பணம். அதே சமயம் ஒரு துளி அழுத்தமும் இல்லாமல் உறிஞ்சித் தீர்ப்பதும் தவறு. மிஷினிலிருந்து தண்ணீர் பின்னோக்கி உள்ளே போய், கேஸோடு சேர்ந்து அமிலமாகி, இரும்பை உள்ளேயே அரிக்கும். அரைக் கிலோ அளவு விட்டு வால்வை மூடிவிடுவது சரியான கணக்கு. இடையில் ஒருவழி வால்வு ஒன்று போட்டுக்கொண்டால் நிம்மதி.

எல்லை தாண்டினால் லாபமா?

இதற்கு ஒரு கணக்கைக் காட்டுகிறோம். விலைகள் புரிவதற்காக எடுத்துக்கொண்டவை, உங்கள் விலையைப் போட்டுப் பாருங்கள்.

அந்தப்புறம் கிலோ 30 ரூபாய். 30 கிலோவுக்கு 900, வரி 18 சதவீதம் 162, வண்டி போய்வர 500, ஏற்றி இறக்க 100. ஆக மொத்தம் 1,662 ரூபாய், கிலோ 55 ரூபாய் 40 காசு. இந்தப்புறம் கிலோ 45 ரூபாய், கடையில் இறக்கித் தருகிறார்கள். 1,350-ம் வரி 243-ம் சேர்த்து 1,593 ரூபாய், கிலோ 53 ரூபாய் 10 காசு. கிலோவுக்கு 15 ரூபாய் மலிவு என்று போனவருக்கு இரண்டு ரூபாய் நஷ்டம். ஆனால் அதே வண்டியில் இரண்டு சிலிண்டர் போனால் கிலோ 47 ரூபாய்க்கு வந்துவிடுகிறது. மாற்று முறையில் நாள் வாடகை பத்து ரூபாய் வீதம் 25 நாள் வைத்திருந்து, இரண்டு கிலோ மீதியோடு திருப்பினால் இந்தப்புறத்துக் கிலோவும் 67 ரூபாயைத் தாண்டும். எங்கே வாங்குகிறோம் என்பதைவிட எப்படி வாங்குகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

எல்லை தாண்டும்போது பில்லில் கவனம் வேண்டும். 2017 ஜூலையில் வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டதோடு ஜூஜூவாடியில் நின்று கையெழுத்து வாங்கிய காலம் போய்விட்டது. ஆனால் கணக்கு போகவில்லை. பில்லில் நம் கடை முகவரியும் ஜி.எஸ்.டி. எண்ணும் இருந்து, ஐ.ஜி.எஸ்.டி. போட்டிருக்க வேண்டும். அவசரத்தில் கர்நாடக மாநில வரியாகப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வரியை நாம் இங்கே வரவு எடுக்க முடியாது. காலிச் சிலிண்டரை எடுத்துப் போகும்போது விற்பனைக்கு அல்ல என்று டெலிவரி சலான் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எண்ணும் வெற்றெடையும் குறித்து.

கேஸ் நிறைந்த சிலிண்டரை இருசக்கர வண்டியில் கொண்டுபோவதை 2016-ஆம் ஆண்டு கேஸ் சிலிண்டர் விதிகள் தடை செய்கின்றன. இது பலருக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்களும் கேட்பதில்லை. கடையில் ஓரிரு சிலிண்டர் வைத்துக்கொள்ள உரிமம் வேண்டாம். நிரப்ப உரிமம் வேண்டும். பெரிய சிலிண்டரிலிருந்து சிறியதற்கு நாமே மாற்றிக்கொள்வது நிரப்புவதில்தான் சேரும்.

வரி என்று வந்துவிட்டதால் இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் இனிப்போ மணமோ சேராத வெறும் சோடாவுக்கு 5 சதவீதம், இனிப்பும் மணமும் சேர்ந்தவற்றுக்கு 40 சதவீதம். ஒரே சிலிண்டர், ஒரே மிஷின், பன்னீர் ஊற்றினால் எட்டு மடங்கு வரி! சோடா தயாரிப்பவர் 2019 அக்டோபர் 1 முதல் தொகுப்பு வரித் திட்டத்திலும் சேர முடியாது. உங்கள் கணக்கருடன் உட்கார்ந்து பேசிவிட்டுத் தொழிலை விரிவாக்குங்கள்.

வெல்டிங் கேஸ் ஆகுமா?

"எல்லாம் ஒரே கேஸ்தானே" என்ற பதில் வியாபாரிகளிடமிருந்து வரும். வருகிற இடம் ஒன்றாக இருக்கலாம், சோதனை ஒன்றல்ல. வெல்டிங் கேஸில் ஈரம் இருந்தால் பற்று கெடும் என்பதால் ஈரத்தைப் பார்ப்பார்கள். குடிக்கும் பொருளுக்குப் பென்சீன், கந்தகச் சேர்மங்கள், எண்ணெய், நொதித்தலில் வரும் அசெட்டால்டிஹைடு ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும். அதோடு வெல்டிங் பட்டறையில் புரண்ட சிலிண்டருக்குள் என்ன போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆர்கான் கலந்த சிலிண்டர் தவறி வந்துவிட்டால் சோடாவில் கேஸே நிற்காது.

1999 ஜூனில் பெல்ஜியம் நாட்டில் கோக்க கோலா குடித்த பள்ளிப் பிள்ளைகள் வயிற்று வலி, தலைவலி என்று மருத்துவமனைக்குப் போனார்கள். ஆண்ட்வெர்ப் ஆலையில் பயன்படுத்திய கரியமில வாயுவில் கந்தகச் சேர்மங்கள் கலந்திருந்ததை ஒரு காரணமாகக் கம்பெனியே சொன்னது. சரக்கை முழுவதும் திரும்ப எடுத்தார்கள். உலகக் கம்பெனி அதைத் தாங்கிக்கொண்டது. ஓசூர் பஸ் நிலையத்தில் ஒரு சோடாக் கடையில் நான்கு பேருக்கு வாந்தி என்று செய்தி வந்தால் அந்தக் கடையோடு அது நிற்காது, அந்தத் தெருவில் யாரும் சோடா குடிக்கமாட்டார்கள்.

பில்லில் உணவுத் தரம் என்று எழுதி வாங்குங்கள். தொகுதி எண்ணோடு சோதனை அறிக்கை நகல் கேளுங்கள். உணவுச் சேர்க்கை வரிசையில் இதன் எண் 290. குளிர்பானத் தொழில் உலகெங்கும் கேட்கும் தூய்மை 99.9 சதவீதம். உணவுப் பாதுகாப்பு அதிகாரி வரும்போது காட்டவும் அது உதவும். புதுச் சிலிண்டர் மாட்டிய முதல் பாட்டிலை நல்ல குளிர்ந்த வெறும் தண்ணீரில் போட்டு, நீங்களே முகர்ந்து, ஒரு வாய் குடித்துப் பாருங்கள். எண்ணெய் வாடையோ அழுகிய முட்டை வாடையோ இருந்தால் துப்பிவிட்டுச் சிலிண்டரைத் திருப்புங்கள். கேஸ் ஏறிய தண்ணீர் படும் இடத்தில் செம்பு, பித்தளைக் குழாய் வேண்டாம். அது செம்பைக் கரைத்து வயிற்றைக் கெடுக்கும்.

கடைக்குள் வைக்கும் இடம்

மேலே சொன்னதெல்லாம் பணத்தைப் பற்றியது. இது உயிரைப் பற்றியது.

30 கிலோ கேஸ் முழுவதும் வெளியே வந்தால் சுமார் 16 கன மீட்டர் ஆகும். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் மொத்தமே 28 கன மீட்டர்தான். பாதி அறைக்கு மேல் கேஸ் நிரம்பிவிடும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானதால் தரையில் தேங்கும், வாடை கிடையாது. காற்றில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே சில நிமிஷங்களில் ஆள் மயங்கி விழுவார். கிணற்றில் இறங்குமுன் விளக்கு விட்டுப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். இந்த வாயுவுக்கு அந்தச் சோதனை போதாது, விளக்கு அணையாத அளவிலேயே ஆளைச் சாய்த்துவிடும். சரக்கு அறையில், கதவு மூடிய இடத்தில், தரையில் பாய் விரித்துப் பையன்கள் தூங்கும் இடத்தில் சிலிண்டர் வைக்கவே கூடாது. தரைமட்டத்துக்குக் கீழே உள்ள கோடவுனும் வேண்டாம்.

வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்திச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டுங்கள். வெறும் சிலிண்டரே ஐம்பது அறுபது கிலோ, சாய்ந்து வால்வு உடைந்தால் ராக்கெட்டாகப் பாயும். ஒவ்வொரு முறை மாட்டியதும் புது வாஷர் போட்டு, இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. இரவு கடை மூடும்போது வால்வை மூடுங்கள். இந்த ஒரு பழக்கத்தால் கேஸும் மிஞ்சும், ஆளும் மிஞ்சுவார்.

ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேருக்கு இரண்டு வாரம் முன்னும், கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி தொடங்குமுன்னும் சிலிண்டருக்கு ஓட்டம் அதிகமாக இருக்கும். அந்த நாட்களுக்கு வேண்டியதை மாசி முடிவதற்குள் சொல்லிவைப்பது நல்லது. சூளகிரி, கிருஷ்ணகிரி உறுப்பினர்கள் தங்களுக்கு எத்தனை சிலிண்டர், என்ன அளவு, சொந்தமா மாற்றா என்பதைக் கடிதத்தில் எழுதி அனுப்பினால், அருகருகே உள்ள கடைகளைச் சேர்த்து ஒரே வண்டியில் எடுக்க ஏற்பாடு செய்யலாம். கடிதத்தோடு சென்ற கோடையின் பில் நகல் ஒன்றும் இணைத்தால், யார் யாரிடம் என்ன விலை என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.